பையில் கிடக்கும் வெண்கோல்

வாசகர் கேள்வி – பதில்

பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் வேலை வாழ்க்கை பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வேலையே கிடைக்கவில்லை என்ற கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தேன். அவையும் வந்தன. ஆனால் கிடைத்த வேலைக்குள் தம்மைத் தாமே ஒடுக்கிக்கொண்டு வாழ்வதைப் பற்றி எழுதியவர்கள் பலர். நானும் குறைபார்வையுடன் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவள் என்பதால், இந்தக் கடிதங்களைப் பிறருடைய துன்பமாக என்னால் படிக்க முடியவில்லை. ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்களின் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மெண்டோசா என்னும் விழித்திரை நோய் இருக்கிறது. நேரே உள்ளதைப் படிக்க முடிகிறது. பக்கவாட்டில் வருபவை தெரிவதில்லை. மங்கிய வெளிச்சத்தில் நடக்கவும் முடிவதில்லை. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 9 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். அங்கே இது யாருக்கும் தெரியாது. இப்போது பார்வை மேலும் சுருங்கிவருகிறது. சொன்னால் மதிப்புப் போய்விடுமோ என்று அச்சமாக இருக்கிறது. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட சிலவற்றை முதலில் நான் எழுதிப் பார்க்கிறேன்; தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசலிலிருந்து உங்கள் இருக்கைக்கு எத்தனை அடி என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டத்துக்கு எல்லாருக்கும் முன்பே போய் உட்கார்ந்துவிடுவீர்கள், ஏனெனில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் படம் காட்டத் தொடங்கியபின் காலி நாற்காலியைக் கண்டுபிடிக்க முடியாது. மாலையில் எல்லாரும் கிளம்பும்போது இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்பீர்கள். படியில் தடுமாறுவதை யாரும் பார்க்கக் கூடாது என்பதே அதற்குக் காரணம். யாராவது கைகுலுக்கக் கையை நீட்டி, அது உங்கள் பார்வை வட்டத்துக்குக் கீழே நின்றுபோய், அவர் கையைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான் என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இவை ஒவ்வொன்றும் உழைப்பு. சம்பளம் வாங்கும் வேலை ஒன்று, அதற்கு மேல் பார்வை உள்ளவரைப் போல நடமாடும் வேலை மற்றொன்று என்று 9 ஆண்டுகளாக இரண்டு வேலை பார்த்திருக்கிறீர்கள். சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல், சமூகம் ஒருவர்மேல் சுமத்தும் இழிவுக் குறியைப் பற்றி எழுதியபோது, வெளியே எளிதில் தெரியாத குறையை உடையவர்கள் இயல்பானவர்களாகக் கடந்துபோக முயல்வதை விரிவாக விளக்கினார். அப்படிக் கடந்துபோகிறவர் ஒவ்வொரு சந்திப்பிலும் எதைச் சொல்வது, எதை மறைப்பது, யாருக்கு எவ்வளவு தெரியும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்குக்கு ஓய்வே கிடையாது. நாள் முடிவில் உங்களுக்கு வரும் அசதியைக் கண்ணின் அசதி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அதில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கின் அசதியாக இருக்கக்கூடும்.

மறைப்பதால் மதிப்புக் காப்பாற்றப்படுகிறது என்ற நம்பிக்கையையும் நீங்கள் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். நம் நடத்தையில் தெரியும் இடைவெளிகளுக்கு நாம் காரணம் சொல்லாவிட்டால், பார்ப்பவர்கள் தாங்களாகவே ஒரு காரணத்தை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். எதிரே வந்தவரைப் பார்த்துச் சிரிக்காததற்குத் திமிர் என்று பெயர் வரும். மேசை விளிம்பில் இருந்த கோப்பையைத் தட்டிவிட்டதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வரும். மாலை நேர நிகழ்ச்சிகளுக்கு வராததற்கு ஒட்டாதவர் என்று பெயர் வரும். பார்வை குறைவு என்ற ஒரே உண்மையை மறைப்பதற்காக, உண்மையில்லாத மூன்று குறைகளை நீங்கள் சுமந்துகொண்டிருக்கிறீர்கள்.

என் அனுபவத்தைச் சொல்ல அனுமதியுங்கள். பார்வையற்றோர் தரையைத் தடவி வழியறிந்து நடக்கும் நடமாட்டப் பயிற்சி பெற்று, அதற்கான மடக்கும் வெண்கோல் ஒன்றையும் வாங்கி, இரண்டு ஆண்டுகள் அதைக் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். ஒரு மாலை அலுவலகப் படிக்கட்டில் கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் கால் வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. முழங்கால் சிராய்ந்தது. உதவிக்கு ஓடிவந்த தோழி சிதறிய பொருள்களைப் பொறுக்கிக் கொடுத்தபோது அந்தக் கோலையும் எடுத்து, இது என்ன என்று கேட்டாள். கையில் வாங்கித் தடவிப் பார்த்தேன். அதன் முனையிலுள்ள பிளாஸ்டிக் உருளை கடையில் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே வழவழப்பாக இருந்தது. ஒருமுறைகூடத் தரையைத் தொடாத கோல் அது. பதில் சொல்லாமல் அதன் கட்டை அவிழ்த்தேன். உள்ளே இழையோடும் மீள்நாண் நான்கு துண்டுகளையும் இழுத்துச் சேர்க்க, டக் டக் என்று அடுத்தடுத்து ஒலி எழுந்து கோல் நேராக நின்றது. அந்த ஒலி கட்டடம் முழுதும் கேட்டுவிட்டதைப் போல அப்போது எனக்குத் தோன்றியது. தோழி கேட்டது ஒன்றுதான்: "இத்தனை நாளும் இதை வைத்துக்கொண்டுதான் இப்படி நடந்தாயா?" மறுநாள் முதல் கோலுடன் போனேன். வழியில் எதிர்ப்படுகிறவர்கள் தாமாக ஒதுங்கினார்கள். நான் வணக்கம் சொல்லாததற்கு யாரும் வருந்தவில்லை. சிலர் தேவைக்கு அதிகமாக இரக்கப்பட்டார்கள். அதைத் தாங்கிக்கொள்வது படிக்கட்டில் விழுவதைவிட எளிதாக இருந்தது.

இனி நடைமுறைக்கு வருவோம். நோயின் வரலாறு முழுவதையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. வேலையோடு தொடர்புடைய அளவுக்கு, முடிவெடுக்கக்கூடிய ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். "எனக்குப் பக்கவாட்டுப் பார்வையும் இருட்டில் பார்வையும் குறைவு; என் கணக்கு வேலையில் இதனால் பிழை வருவதில்லை; எனக்குத் தேவைப்படுபவை இவை" என்று குறை, வேலை, தேவை மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி, தேவைகளை எழுத்திலும் கொடுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டிய இருக்கை, மேசைக்குத் தனி விளக்கு, நடைவழியில் பெட்டிகளை வைக்காமை, கூட்டத்தில் காட்டவிருக்கும் கோப்பை முன்கூட்டியே அனுப்புதல் போன்ற சின்னச் சின்ன ஏற்பாடுகளாகவே அவை பெரும்பாலும் இருக்கும். ஒரு பிழை நேர்ந்து விளக்கம் கேட்கப்படும்போது சொன்னால் அது சாக்குப்போல ஒலிக்கும் என்பதால், அமைதியான நாளொன்றில் நீங்களாகச் சொல்வது நல்லது. உங்கள் அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். சொன்னபின் ஒதுக்கப்பட்டவர்கள் உண்டு. ஆகவே உங்கள் நாட்டின் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதை முதலில் கேட்டறிந்து, பேசியதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கணினித் திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானையும் நடமாட்டப் பயிற்சியையும் இப்போதே, மீதிப் பார்வை இருக்கும்போதே கற்கத் தொடங்குங்கள். 'அவையெல்லாம் முழுக்கப் பார்வை போனவர்களுக்கு, நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை' என்று சொல்லிக்கொண்டே பல ஆண்டுகளை இழந்தவர்களை நான் அறிவேன். அந்தச் சொற்களில் தன்னம்பிக்கை இருப்பதுபோலத் தோன்றும். உற்றுக் கேட்டால் பார்வையற்றவர்களைப் பற்றி நமக்கே உள்ள தாழ்வெண்ணம்தான் அதில் ஒலிக்கிறது.

கேள்வி: நான் பிறவியிலேயே பார்வையற்றவள். பட்ட மேற்படிப்பு முடித்து 6 ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். எனக்கு வேலை எதுவும் பெரிதாகக் கொடுப்பதில்லை. "வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்காருங்கள், போதும்" என்று அன்பாகவே சொல்கிறார்கள். பதவி உயர்வுத் தேர்வு வந்தது, நான் விண்ணப்பிக்கவில்லை. இந்த வேலையைக் கொடுத்ததே பெரிது என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் இரவில் தூக்கம் வருவதில்லை.

பதில்: அம்மா, உங்களுக்குத் தூக்கம் வராததை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன். உங்களுக்குள் ஒருத்தி இந்த ஏற்பாட்டை ஒப்புக்கொள்ளவில்லை.

சம்பளம் கொடுத்து வேலை கொடுக்காமல் உட்கார வைப்பதை நம்மில் பலர் அனுபவித்திருக்கிறோம். அதைக் கொடுமை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும், ஏனெனில் யாரும் திட்டுவதில்லை, யாரும் துரத்துவதில்லை. ஆனால் அடுத்த மேசையில் தொலைபேசி ஒலிக்கிறது, விசைப்பலகை தட்டப்படுகிறது, யாரோ ஒருவர் வேலைச் சுமை தாங்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். இவற்றையெல்லாம் கேட்டபடி கையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் 6 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தால், 'என்னால் முடியாது' என்று பிறர் நினைத்தது மெல்ல மெல்ல அவருடைய சொந்த எண்ணமாகவே மாறிவிடுகிறது.

இதற்கு ஆய்வுலகில் ஒரு விளக்கம் உண்டு. மனநோய் உடையவர்களிடையே ஆராய்ந்த உளவியலாளர் பேட்ரிக் காரிகனும் அவருடன் பணியாற்றியவர்களும், தன்னைப் பற்றிய இழிவெண்ணம் படிப்படியாக உருவாவதாக விளக்கினார்கள். சமூகம் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது முதலில் தெரியவருகிறது. பிறகு அது சரியாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்கிறோம். அதன்பின் 'நானும் அப்படித்தான்' என்று நமக்கே பொருத்திக்கொள்கிறோம். கடைசியில் தன்மதிப்பும் தன் திறன்மீதுள்ள நம்பிக்கையும் குலைகின்றன. அதன் விளைவாக வரும் 'எதற்கு முயல வேண்டும்' என்ற மனநிலையைப் பற்றி 2009-இல் அவர்கள் தனியாகவே எழுதினார்கள். அந்த மூன்று சொற்களும் உங்கள் கடிதத்தில் எழுதப்படாமல் இருக்கின்றன. இந்தப் படிகளில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையிலுள்ள இடைவெளி. பிறர் நினைப்பது நமக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆனால் தெரிந்துகொண்டவர் எல்லாரும் அதை ஒப்புக்கொள்வதில்லை. சிலர் கோபப்படுகிறார்கள். அவர்களை அந்தக் கோபம் பாதுகாக்கிறது.

பார்வையற்றவர்களைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியும் உண்டு. சமூகவியலாளர் ராபர்ட் ஸ்காட் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வையற்றவர்களிடம் காணப்படும் பணிவும் சார்ந்திருத்தலும் கண்ணிலிருந்து வருபவை அல்ல, பிறருடன் பழகும்போதும் உதவி நிறுவனங்களுக்குள் வாழும்போதும் கற்றுக்கொடுக்கப்படுபவை என்று வாதிட்டார். உதவ வந்த இடங்களே இதைக் கற்பித்தன என்பதுதான் அவர் சொன்னதில் கசப்பான பகுதி. உங்கள் நன்றியுணர்வையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். உடன் வேலை பார்க்கும் பார்வையுள்ளவர்கள் யாராவது, இந்த வேலையைக் கொடுத்ததே பெரிது என்று சொல்லிக்கொண்டு பதவி உயர்வுத் தேர்வை விட்டுவிட்டார்களா?

நீங்கள் செய்யக்கூடியது: பொதுவாக "எனக்கு வேலை கொடுங்கள்" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யோசிக்கும் சுமை அவர்கள்மேல் விழும். அவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. நீங்கள் செய்யத்தக்க ஒரு குறிப்பிட்ட வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வரும் மின்னஞ்சல்களைப் பிரித்து உரியவருக்கு அனுப்புவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, வரைவுக் கடிதம் தயாரிப்பது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒரு மாதம் சோதனையாகச் செய்து காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006-இல் தொடங்கி, ஜேமி தே என்னும் மற்றொரு பார்வையற்ற இளைஞருடன் சேர்ந்து வளர்த்தது அது. மென்பொருள் வாங்கப் பணமில்லை என்ற பதிலுக்கு இடமிருக்காது. அடுத்த தேர்வு அறிவிப்பு வந்ததும், தகுதி உண்டா இல்லையா என்று மனத்துக்குள் விசாரணை நடத்தாமல் விண்ணப்பித்துவிடுங்கள். அந்த விசாரணையைத் தேர்வாளர்கள் நடத்தட்டும்.

கேள்வி: நீரிழிவு நோயால் என் கணவருக்கு 46 வயதில் பார்வை போய்விட்டது. இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஓராண்டாக வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். நிறுவனத்திலிருந்து வேறு பணி தருகிறோம் என்று அழைத்தும் போக மறுக்கிறார். "குருடனாகப் போய் அவர்கள் முன்னால் நிற்கமாட்டேன்" என்கிறார். சாதனை படைத்த பார்வையற்றவர்களின் கதைகளைச் சொல்லிப் பார்த்தேன். பயனில்லை.

பதில்: உங்கள் கணவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே எல்லாம் இருக்கிறது. குருடன் என்ற சொல்லுக்கு அவர் மனத்தில் உள்ள பொருள் எங்கிருந்து வந்தது? 46 ஆண்டுகள் பார்வையுள்ளவராக வாழ்ந்தபோது, பார்வையற்றவர்களைப் பற்றி எல்லாரையும் போல அவரும் ஏதோ நினைத்து வைத்திருப்பார், இரக்கமாகக்கூட இருந்திருக்கலாம். பார்வை போன நாளில் அந்த எண்ணமெல்லாம் அவர்மேலேயே திரும்பிவிட்டது. பிறவியிலேயே பார்வையற்றவருக்கு இழிவு வெளியிலிருந்து வருகிறது. நடுவயதில் பார்வை இழந்தவருக்கோ அது ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது.

ஆகவே சாதனைக் கதைகளை நிறுத்திவிடுங்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள், ஆனால் அவர் காதில் அது வேறுவிதமாக விழும்: அந்த அளவுக்கு அசாதாரணமானவராக இருந்தால்தான் பார்வையில்லாமல் வாழ முடியும், நான் அப்படிப்பட்டவன் இல்லை. அவருக்குத் தேவை சாதாரணமான ஒருவர். பார்வை இழந்தபின் வேலைக்குத் திரும்பி, மேலதிகாரியோடு சண்டை போட்டு, பேருந்தைத் தவறவிட்டு, மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு, இயல்பாக வாழும் ஒருவரோடு ஒரு மணி நேரம் பேச வைத்துவிடுங்கள். பார்வையற்றோர் சங்கங்கள், மறுவாழ்வுப் பயிற்சி மையங்கள் வழியாக அப்படிப்பட்டவரைக் கண்டுபிடிக்கலாம். தொலைபேசியிலேயே பேசினாலும் போதும். நீங்கள் அந்த உரையாடலின்போது அறையில் இருக்காதீர்கள். மனைவி முன் கேட்க முடியாத கேள்விகள் அவருக்கு இருக்கும்.

இன்னொன்றையும் வருத்தத்தோடுதான் சொல்கிறேன். அவர் வாய் திறக்கும் முன்பே தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும், சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும், யாராவது அழைத்தால் அவருக்காக நீங்களே பதில் சொல்வதும் அன்பின் பெயரால் நடக்கின்றன. ஒவ்வொன்றும் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது. பொருள்களை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். மற்றதை அவரே தேடட்டும். நேரமாகும். சில சமயம் கோபமும் வரும்.

பார்வை போன துயரம் வேறு, இழிவுணர்வு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். துயரத்துக்கு அழ நேரம் கொடுக்க வேண்டும். ஓராண்டாகியும் உணவிலும் உறக்கத்திலும் பேச்சிலும் விருப்பம் திரும்பவில்லை என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள், தாமதிக்க வேண்டாம். நிறுவனத்திடம் வேலையை ஏற்கிறோமா இல்லையா என்று இப்போதே சொல்லாமல், பயிற்சிக்காகச் சில மாத அவகாசம் எழுத்தில் கேளுங்கள். ஓர் இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லும் திறமை மேற்பார்வையாளராக இருந்த அவருக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அது கண்ணோடு போயிருக்காது.

கேள்வி: என் குழுவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். எதைக் கேட்டாலும் "பரவாயில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். ஆனால் சில கோப்புகளோடு மணிக்கணக்கில் போராடுகிறார் என்பது தெரிகிறது. நான் வற்புறுத்திக் கேட்டால் அவர் மனம் புண்படுமோ?

பதில்: உங்களைப் போன்ற மேலாளர் வாய்த்தது அவருடைய நல்வாய்ப்பு. "பரவாயில்லை" என்பது பெரும்பாலும் தற்காப்புச் சொல். உதவி கேட்டால், 'பார்த்தீர்களா, முடியவில்லை' என்ற தீர்ப்பு காத்திருக்கிறது என்று அவர் அஞ்சுகிறார். ஆகவே அவர் கேட்டுப் பெற வேண்டிய நிலையையே இல்லாமல் செய்துவிடுங்கள்.

அந்தப் போராட்டம் எப்படிப்பட்டது என்பதை ஒருமுறை அவருடைய செவிப்பொறியை (ஹெட்போனை) வாங்கி நீங்களே கேட்டுப் பாருங்கள். முறையாக அமைத்த ஆவணத்தில் எச் (H) விசையை அழுத்தினால் திரைவாசிப்பான் அடுத்த தலைப்புக்குத் தாவும். டி (T) விசையை அழுத்தினால் அட்டவணைக்குப் போகும். பழகியவர்கள், நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் வேகத்தில் அதைப் படிக்க வைத்துப் புரிந்துகொள்கிறார்கள். அதே ஆவணத்தை அச்சடித்து, கையெழுத்திட்டு, படமாக வருடி (ஸ்கேன் செய்து) அனுப்பினால், திரைவாசிப்பானுக்கு அதில் எழுத்தே இல்லை. படத்திலுள்ள எழுத்துகளைக் கண்டறியும் எழுத்துணரி மென்பொருளில் போட்டு, பிழைகளை ஊகித்துத் திருத்தி அவர் படிக்க வேண்டும். நீங்கள் இரண்டு நிமிடத்தில் படிப்பது அவருக்கு ஒரு மணி நேரமாவது அதனால்தான். அந்த ஒரு மணி நேரத்தை அவர் தன் குறைபாட்டின் கணக்கில் எழுதிக்கொள்கிறார். உண்மையில் அது கோப்பை அனுப்பியவரின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

குழு முழுவதற்கும் ஒரே விதியாக அறிவியுங்கள்: எழுத்துக் கோப்புகளை மூல வடிவிலேயே அனுப்ப வேண்டும், படங்களுக்கு விளக்கம் எழுத வேண்டும், கூட்டத்தில் திரையில் காட்டுவதை வாயாலும் சொல்ல வேண்டும், பேசத் தொடங்கும்போது பெயர் சொல்ல வேண்டும். அவர் பெயரை இதில் இழுக்கத் தேவையில்லை. அவரிடம் தனியாகப் பேசும்போது "உங்களால் முடியுமா" என்பதற்குப் பதிலாக "எந்த வடிவில் கொடுத்தால் வேகமாக முடியும்" என்று கேளுங்கள். அவர் வேலையில் பிழை இருந்தால் மற்றவர்களிடம் சொல்வதைப் போலவே சொல்லுங்கள். தானாகப் படியேறியதற்குப் பாராட்டிவிட்டு, அறிக்கையிலுள்ள தவற்றைப் பார்க்காததுபோல விடுவது அவரை மிகவும் தாழ்த்துவதாகும். அவருக்கும் அது தெரியும்.

கேள்வி: "எல்லாம் மனத்தில்தான் இருக்கிறது, தாழ்வு மனப்பான்மையை விட்டால் வேலை தானாகக் கிடைக்கும்" என்று ஒரு பயிற்சியாளர் சொன்னார். 14 நேர்காணல்களுக்குப் போய்விட்டேன். குறை என்னிடம்தானா? நேர்காணலில் நான் எப்படிப் பேச வேண்டும்?

பதில்: இல்லை. அந்தப் பயிற்சியாளர் சொன்னதை நான் கடுமையாக மறுக்கிறேன். உள்வாங்கிய இழிவுணர்வைப் பற்றி இந்தப் பக்கங்களில் இவ்வளவு எழுதிய நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இழிவு முதலில் வெளியே இருக்கிறது. அதன் பிறகே உள்ளே வருகிறது. திரைவாசிப்பான் படிக்க முடியாத விண்ணப்பப் படிவம் உங்கள் மனத்தில் இல்லை. ஐக்கிய நாடுகள் சபை 2006 டிசம்பர் 13-இல் ஏற்று, 2008 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்யும் உரிமையைச் சொல்கிறது. பணியிடத்தில் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும் என்றும் அது கோருகிறது. அந்த ஏற்பாடுகளை மறுப்பதே பாகுபாடு என்று 2-ஆம் பிரிவு வரையறுக்கிறது. மனத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும் என்றால் இப்படி ஓர் உடன்படிக்கை தேவைப்பட்டிருக்காது.

நேர்காணலில், எதிரே இருப்பவர் கேட்கத் தயங்கும் கேள்வியை நீங்களே எடுத்துப் பதில் சொல்லிவிடுங்கள். பார்வையற்றவர் எப்படி மின்னஞ்சல் படிப்பார், எப்படி அலுவலகம் வந்து சேருவார் என்பது அவருக்குத் தெரியாது; கேட்டால் தவறாகுமோ என்று வாயை மூடிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் 'முடியாது' என்று முடிவுசெய்துவிடுவார். மடிக்கணினியைக் கொண்டுபோய், அந்த வேலையைச் சேர்ந்த ஒரு பணியை அவர் முன்னாலேயே மூன்று நிமிடத்தில் செய்து காட்டுங்கள். சொல்வதைவிடச் செய்து காட்டுவது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மூன்று வயதிலேயே பார்வை இழந்த கீரட் வெர்மே, யேல் பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சி மாணவராகச் சேர நேர்காணலுக்குப் போனார். அவரால் இத்துறையில் எப்படி ஆராய முடியும் என்று ஐயப்பட்ட பேராசிரியர், அவரை அருங்காட்சியகச் சேகரிப்புக்கு அழைத்துச் சென்று கடல் நத்தையின் ஓடு ஒன்றைக் கையில் கொடுத்து, இது என்ன என்று கேட்டார். வெர்மே விரலால் தடவிப் பார்த்துச் சரியாகச் சொன்னார். இன்னொன்றைக் கொடுத்தார், அதையும் சொன்னார். ஐயம் அங்கேயே நீங்கிற்று. பின்னாளில் ஓடுகளில் உள்ள உடைந்து ஒட்டிய தழும்புகளைத் தொட்டறிந்து, வேட்டையாடும் உயிரினங்களுக்கும் இரைக்கும் இடையே நடந்த நீண்ட போராட்டத்தைப் பற்றி முக்கியமான ஆய்வுகளை அவர் எழுதினார்.

அந்தப் பேராசிரியர் நத்தை ஓட்டைக் கையில் கொடுத்தார் என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு 14 முறையும் யாரும் எதையும் கையில் கொடுக்கவில்லை போலிருக்கிறது. 15-ஆவது நேர்காணலுக்கு அழைப்பு வரும்போது, தேர்வுக்குப் பயன்படும் கணினியில் திரைவாசிப்பான் இருக்குமா, வினாத்தாள் எந்த வடிவில் வரும் என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் அதையும் தேதியோடு குறித்து வையுங்கள். முறையிட வேண்டி வந்தால் அது தேவைப்படும்.